என் கழுத்துக் குழாயும் அவர் காதும்

வஞ்சிரத்தைப் பார்த்துக் கதவு என்று சொன்னவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சுனாமி வந்து ஐந்தாவது வருடம். வழக்கம்போல விடிகாலையில் காரைக்கால் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, விழிதியூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்றுக்கொண்டு போனேன். பதினைந்து வருடமாக என்னிடம் மட்டுமே மீன் வாங்குகிற வாத்தியார் வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "இன்னைக்கு என்ன மீன்?" என்றார். கூடையின் மேல்துணியை விலக்கிக் காட்டி, "கதவு" என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "கதவும்மா, நல்ல கதவு, ராத்திரி வலையில விழுந்தது" என்று மறுபடி சொன்னேன். சொல்லும்போதே இது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் வேறு சொல் தேடினால் வாய்க்குள் ஒன்றுமே இல்லை. வலது கையிலிருந்த கத்தி தானாக நழுவிக் கீழே விழுந்தது. அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.

திண்டாடிப்போய் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. கை திரும்பி வந்தது, சொல்லும் வந்தது. "வஞ்சிரம், வஞ்சிரம், வஞ்சிரம்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மீதி மீனை விற்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மயக்கம் போட்டால் மனுஷி காத்திருக்கலாம், மீன் காத்திருக்குமா?

இந்த இடத்தில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் நின்று "மீனேய்" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் நாலாவது தெருவில் பூனை எழுந்து உட்காரும். என்னைப் பெற்றவர்கள் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: மெதுவாகப் பேசு. அப்படிச் சொல்லாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் விசைப்படகில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். இருபத்தைந்து வருடம் டீசல் இஞ்சின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. மகள் கூப்பிட்டால் கேட்காது. டிவி கேட்காது. தீபாவளிக்கு வாசலில் அணுகுண்டு வெடித்தால், "என்ன புகையுது?" என்பார். ஆனால் என் பேச்சு மட்டும் கேட்கும். எதிரே நின்று ஒரு சத்தம் போட்டேன் என்றால் ஒரு சொல் விடாமல் பதில் வரும். இதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "எம் புருசனுக்கு எங் குரல் ஒண்ணுதான் கேக்கும். சாமியே நேர்ல வந்து கூப்பிட்டாலும், என்னா சொல்றாருன்னு எங்கிட்டதான் கேப்பாரு" என்று ஏலம் நடக்கிற இடத்தில் பத்துப் பேர் முன்னால் பீற்றிக்கொள்வேன். அவரும் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

குறை இல்லாமல் இல்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினால் பதில் வராது. கரண்டு போய்விட்டால் இருட்டில் நான் எவ்வளவு கத்தினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். அது ஆம்பிளைத் திமிர் என்று முடிவுகட்டி, அதற்குத் தனியாக ஒரு பாட்டம் திட்டுவேன்.

கதவு விஷயம் மகளுக்குத் தெரிந்ததும் வீட்டில் பிரளயம். அவள் காரைக்காலில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், எதையும் ஆறப்போட மாட்டாள். மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் புதுச்சேரி பஸ்ஸில் இருந்தோம். பூவம் எல்லையைத் தாண்டும்வரை, "ஒண்ணும் இல்லடி, வெயில்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் எனக்கே பயம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

புதுச்சேரியில் கழுத்தில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். என் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, சரியாக அந்த இடம்.

"மூளைக்கு ரத்தம் போற குழாய் இது. இடது பக்கம் முக்கால்வாசிக்கு மேல அடைச்சிருக்கும்மா. அதுலேர்ந்து ஒரு துணுக்கு மேல போயிருக்கு. அன்னைக்குத் தப்பிச்சீங்க. அடுத்த தடவை கை கால் விழுந்துடலாம், பேச்சும் போயிடலாம். கழுத்தத் திறந்து சுத்தம் பண்ணிடணும்."

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே உரக்கச் சொன்னேன். வெளியே வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் என் கழுத்து நிலவரம் தெரிந்தது. இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"டேங்க்குல டீசல் இருக்கு, இஞ்சினும் நல்லாருக்கு, நடுவுல லைன்ல கசடு. அதானே?" என்றார் டாக்டரிடம்.

"அதேதாங்க!" டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"சுத்தம் பண்றப்ப லைன மூடணுமே. இஞ்சின் நின்னுடாதா?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது பக்கக் குழாய் அந்த நேரம் சமாளிக்கும், சமாளிக்கிறதா என்று பார்க்கத்தான் முழு மயக்கம் கொடுக்காமல் கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, என்னைப் பேசவைத்துக்கொண்டே செய்வோம், சமாளிக்காவிட்டால் ரத்தம் போக ஒரு மாற்றுக் குழாய் வைப்போம் என்றார். அதையும் நான் உரக்கச் சொன்னேன். "இவள பேசவைக்க ஆள் வேற வேணுமா?" என்றார் வீட்டுக்காரர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்புறம் டாக்டர் கொஞ்சம் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே இருக்கும்மா. சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மிடும். ரொம்பச் சில பேருக்கு அப்படியே நின்னும் போயிடலாம்."

இதை மட்டும் நான் திரும்பிச் சொல்லவில்லை.

"என்னா சொல்றாரு?" என்றார் இவர்.

"பொகையிலய விடச் சொல்றாரு."

"நான் முப்பது வருசமா சொல்றேன்."

பொய்யும் இல்லை. புகையிலையை விடச் சொன்னார், கருவாட்டை விடச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடு இல்லாமல் பழைய சோற்றை எப்படிச் சாப்பிடுவது என்று மட்டும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

அந்தப் பத்து நாளும் எனக்குக் கழுத்தைப் பற்றிக் கவலையே இல்லை. கழுத்தறுப்பது எனக்குப் பழகிய தொழில். இந்தத் தடவை அரிவாள்மணைக்கு அந்தப் பக்கம் நான், அவ்வளவுதான். கவலையெல்லாம் குரல். என் குரல் போனால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஊர்ச் செய்தி, பேரப்பிள்ளை பேச்சு, டாக்டர் சொன்னது, டிவியில் புயல் அறிவிப்பு, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். அந்த ஒரு வழியும் அடைத்துவிட்டால் மனுஷன் தனித்தீவில் விட்ட மாதிரி ஆகிவிடுவாரே என்று நினைத்து நினைத்து அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மாற்று ஏற்பாடாகக் கடைத்தெருவில் ஒரு விசில் வாங்கினேன். அவர் கொல்லையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினேன். பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. இவர் அசையவில்லை. முன்னால் போய் ஊதினேன். நிமிர்ந்து பார்த்து, "என்னா, போலீசுல சேந்துட்டியா?" என்றார். விசில்கூட ஏறாத காதில் என் குரல் மட்டும் ஏறுகிறதே என்று எனக்கு மறுபடியும் பெருமை பொங்கியது. கூடவே பயமும் இரண்டு மடங்கானது.

ஆபரேஷன் அன்று என்னைப் படுக்கவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, கழுத்தில் ஊசி போட்டு, பச்சைத்துணியால் மூடினார்கள். துணிக்கு அடியில் என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்தார். என் வலது கையில் எதையோ வைத்தார். தடவிப் பார்த்தேன், ரப்பர் வாத்து. குழந்தைகள் அமுக்கினால் கீச்சென்று கத்துமே, அது.

"நான் சொல்றப்பல்லாம் இத அமுக்குங்கம்மா. மத்த நேரம் நிறுத்தாமப் பேசிக்கிட்டே இருங்க."

நிறுத்தாமல் பேசுங்கள்! ஐம்பத்தாறு வயதில் முதல்தடவையாக ஒருவர் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. ஆரம்பித்தேன். எந்த மீனுக்கு எந்தப் புளி, ஐஸ் வைத்த மீனை எப்படிக் கண்டுபிடிப்பது, என் நாத்தனார் என் கல்யாணத்தில் செய்த கூத்து, எல்லாம் சொன்னேன். நடுநடுவே கீச். கழுத்தில் யாரோ இழுக்கிற மாதிரி இருந்ததே தவிர வலி இல்லை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர், "இப்ப குழாய மூடறேன். பேச்சு கொடுங்க, விடாதீங்க" என்றார்.

டாக்டரம்மா கேட்டார்: "வஞ்சிரம் கிலோ என்ன விலைம்மா?"

"முந்நூறு."

"இருநூறுக்குத் தர்றீங்களா?"

எனக்கு ரத்தம் சூடேறியது. "இருநூறுக்கு அதோட வாலைத்தான் தரலாம்."

"சரி, இருநூத்தி இருவது."

"டாக்டரம்மான்றதால சொல்றேன். இருநூத்தி எம்பது. கடைசி வெல."

"இருநூத்தி அம்பது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மீன் விற்கிறவள் எவளும் அப்படித்தான் செய்வாள். கடைசி விலை என்று சொன்னபிறகு பேசக் கூடாது. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கை கூட அசையக் கூடாது. முதலில் வாயைத் திறக்கிறவள் தோற்றாள். என் முப்பத்திரண்டு வருட வியாபாரம் இந்த மௌனத்தில்தான் நடந்தது. நான் பேசித்தான் பிழைத்தேன் என்று ஊர் நினைக்கிறது. அது தப்பு.

"அம்மா?" என்றார் டாக்டரம்மா.

இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை.

"அம்மா, பேசுங்க! வாத்த அமுக்குங்க!"

அமுக்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? அமுக்கவில்லை.

"என்னாச்சு, பேச்சு நின்னுடுச்சா? கையும் அசையலையா? அந்த மாத்துக் குழாய எடுங்க, சீக்கிரம்!" என்று டாக்டர் சத்தம் போட்டார். இரும்புச் சாமான்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. இவர்கள் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா தலையைக் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். முகமூடிக்கு மேலே இரண்டு கண். கதவு என்று சொன்ன அன்று வாத்தியார் வீட்டு அம்மா பார்த்தாரே, அதே பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்!

வாத்தை ஆறு ஏழு தடவை கீச் கீச்சென்று அமுக்கினேன். "இருநூத்தி எம்பதுதாம்மா. ஒரு ரூவா கொறையாது" என்றேன்.

 துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "வாங்கிடுங்க டாக்டர். தயவு செஞ்சு வாங்கிடுங்க."

வெளியே வந்தேன். கை கால் எல்லாம் அசைந்தது. வஞ்சிரம், கதவு, இரண்டையும் சரியாகச் சொன்னேன். ஆனால் சாயங்காலம் மகளைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூப் பஞ்சரான மாதிரி ஒரு புஸ். இன்னொரு தடவை முயன்றேன். புஸ். டாக்டர் வந்து பார்த்து, நரம்பு கொஞ்சம் அசங்கியிருக்கிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார். பெரும்பாலும் என்கிற சொல்லை நான் அன்றிலிருந்து வெறுக்கிறேன்.

அப்போது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கட்டிலுக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தண்ணி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பி, சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார்.

மகள் வாயைப் பிளந்தாள். "எனக்கே கேக்கல. ஒனக்கு எப்டிப்பா கேட்டுச்சு?"

"நல்லாத்தான கேட்டுச்சு" என்றார் அவர்.

என் குரலின் மகிமை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். மூச்சாக வந்தாலும் புருஷன் காதுக்குப் போய்ச் சேருகிறதே என்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. அந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

ஊர் திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுறாப்புட்டு கொண்டுவந்தார்கள். புண் ஆற அதுதான் நல்லது என்று எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒரு வாரத்தில் ஒன்பது வீட்டுச் சுறா. கழுத்துத் தழும்பை ஆளாளுக்குப் பார்த்தார்கள். ஏலக்கரைத் தோழி ஒருத்தி, "கொஞ்சம் கோணலா இருக்கே, நீ கீறியிருந்தா நேரா இருந்திருக்கும்" என்றாள். அவள் சொன்னதும் நிஜம்தான். ஆனால் நான் பதில் சொல்ல முடியாது. நான் புஸ் என்பேன். "என்னா சொல்றா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள். உடனே வீட்டுக்காரர், "ஒங் கழுத்த நீட்டு, நேரா கீறிக் காட்டுறேன்னு சொல்றா" என்று எடுத்துச் சொல்வார். இத்தனை வருடம் ஊர்ப் பேச்சை அவருக்கு நான் சொன்னேன். இப்போது செவிட்டு மனுஷன் என் பேச்சை ஊருக்குச் சொன்னார்.

ஆறு வாரம் கழித்துக் கூடையைத் தூக்க அனுமதி கிடைத்தது. கூடை அவர் தலையில், தராசு என் கையில். "மீனேய்" என்று அவர் கூவுவார். தன் குரல் தனக்குக் கேட்காத ஆள் கூவினால் எப்படி இருக்கும்? ஒரு தெருவில் ரகசியம் மாதிரி, அடுத்த தெருவில் அபாயச் சங்கு மாதிரி. வாங்குகிறவர்கள் கேட்பது எனக்குக் கேட்கும், நான் முணுமுணுக்கிற விலையை அவர் அறிவிப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மீன்காரி. வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. அதைச் சொன்னால் அவருக்குத் தலைக்கனம் ஏறும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் ஒருநாள் காலை மெயின்ரோட்டு ஓரம் டீக்கடை எதிரில் நின்றோம். நான் டீ வாங்கிக்கொண்டிருந்தேன், அவர் பத்தடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டிக் கூடையோடு நின்றார். கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று திரும்புவதற்காகப் பின்னால் எடுத்தது. நேராக அவரை நோக்கி. 

"ஏங்க!"

முழுக் குரல். பழைய குரல். நாலு தெருப் பூனையை எழுப்புகிற அதே குரல். டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டு போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரனுக்குக் கூடக் கேட்டு, பிரேக்கை மிதித்துவிட்டான். பத்தடியில் நின்ற என் புருஷன் மட்டும் திரும்பவில்லை. தலையில் கூடையோடு, எதிர்ப்பக்கம் பறக்கிற காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "எதுக்கு ஓடி வர்ற, கழுத்துல தையல் போட்ட ஒடம்பு" என்று அதட்டினார். எனக்குக் குரல் வந்துவிட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் விரலால் என் தொண்டையைக் காட்டிச் சைகை செய்தபிறகுதான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தோம். சோறு வடித்துவிட்டு, அவர் எதிரே போய் நின்றேன். வாயை நன்றாகத் திறந்து, துளிச் சத்தம் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்: சோறு போடட்டுமா?

"போடு" என்றார். "அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற? கொரல் இப்பத்தான வந்துருக்கு."

அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என் குரல் அவருக்குக் கேட்கவேயில்லை. எத்தனை வருடமாகக் கேட்கவில்லையோ, தெரியாது. என் வாயைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டிருக்கிறார். நான் பத்துப் பேர் முன்னால் பீற்றிக்கொண்டபோதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தாரே, அந்தப் பெருமையைக் கெடுக்க மனசு வரவில்லை அவருக்கு. இந்த மனுஷனைத்தான் திமிர் பிடித்தவர் என்று திட்டினேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. ஏலக்கரையில் அதே பீற்றலைப் பீற்றுகிறேன், அவரும் அதே சிரிப்பைச் சிரிக்கிறார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன். கரண்டு போனால் முதலில் மெழுகுவத்தியை ஏற்றி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அவரைத் திட்டுகிறேன்.